கோழியைக் கொல்லும் நாயும் கோழியைக் காக்கும் நாயும்

கரிசல் காட்டுக் கன்னி நாயையும் இத்தாலிய மலைச்சரிவுகளின் மரம்மா நாயையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே இனம் என்று நம்புவது கடினம். கன்னிக்கு மெலிந்த உடம்பு, நீண்ட மூக்கு, உள்ளொட்டிய வயிறு, கறுப்பு மேனியில் கண்ணுக்கு மேலும் கால்களிலும் செம்பழுப்பு. மரம்மாவுக்குப் பெருத்த தலை, வெள்ளை வெளேரென்ற அடர்ந்த முடி. ஆட்டு மந்தைக்குள் படுத்திருந்தால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் ஓர் ஆடுதான். முன்னதை முயல் துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்தார்கள். பின்னதை ஓநாயிடமிருந்து ஆட்டைக் காப்பதற்காக வளர்த்தார்கள். முற்றத்தில் ஒரு பெட்டைக்கோழி குறுக்கே ஓடினால் கன்னி பாய்ந்து கவ்விவிடுகிறது. மரம்மா தலையைக்கூடத் தூக்குவதில்லை.

நாயும் கோழியும் சேர்ந்து வாழ வேண்டிய வீடுகளுக்கு இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது உதவும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் கோழியைக் கடித்த நாயைப் பற்றி நம் வீடுகளில் எடுக்கப்படும் முடிவுகள் பெரும்பாலும் கோபத்தில் எடுக்கப்படுகின்றன.

அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து வீடுகளில் கோழி பெரும்பாலும் பெண்களின் சொத்து. ஆடு மாடு விற்ற பணம் குடும்பக் கணக்கில் போகும். கோழி விற்ற காசும் முட்டை விற்ற காசும் அவள் முந்தானையில் முடிந்திருக்கும். புறக்கடைக் கோழி வளர்ப்புக்கு அரசு உதவி வழங்கும்போதும் ஊரகப் பெண்களைத்தான் பயனாளிகளாக வைக்கிறது. நாயோ பெரும்பாலும் ஆண்களின் ஆசை. குட்டியைத் தேடிப் போய் வாங்கி வருவதும், அதன் ஓட்டத்தைப் பற்றி டீக்கடையில் பேசுவதும் அவர்கள். அதனால் நாய் கோழியைக் கடிக்கும்போது ஒருவரின் ஆசை இன்னொருவரின் வருமானத்தைத் தின்கிறது. “அண்ணாச்சி, முட்டையிடுத கோழியக் கொன்னு போட்டிருக்கு ஒங்க நாய்” என்று அடுத்த வீட்டு மதினி வந்து நிற்கும்போது அவள் இழந்தது ஒரு கிலோ கறியை மட்டும் இல்லை. அடுத்த ஈட்டு முட்டையும், அடை வைத்துப் பொரிக்க இருந்த குஞ்சுகளும் அந்தக் கணக்கில் அடங்கும்.

இனி நாயைப் பார்ப்போம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹாம்ப்ஷயர் கல்லூரியில் ரேமண்ட் காப்பிங்கரும் அவர் மனைவி லோர்னாவும் 1970களில் தொடங்கி மந்தைக் காவல் நாய்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2001-இல் வந்த அவர்களுடைய நூல் வேட்டையைத் தொடர்ச்சியான அசைவுகளாகப் பிரித்துக் காட்டியது. இரை இருக்கும் திசைக்குத் திரும்புதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நகர்தல், துரத்துதல், கவ்வுதல், கொல்லும் கடி, கிழித்தல், தின்னுதல். ஓநாய்க்கு இந்த வரிசை முழுதாக இருக்கிறது. நாயினங்களை உருவாக்கிய மனிதர்கள் தங்கள் தேவைக்கேற்ப இதில் சில கண்ணிகளை வளர்த்தார்கள், சிலவற்றை மங்கச் செய்தார்கள். ஆடு மேய்க்கும் பார்டர் காலி நாயிடம் உற்றுப் பார்ப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகையாக வளர்ந்திருக்கின்றன. அதற்கு மேல் போகக் கூடாது. காவல் நாயிடமோ இந்த வரிசையே கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருக்கிறது. கன்னி, சிப்பிப்பாறை போன்ற நாய்களிடம் துரத்தலும் கவ்வலும் கொல்லும் கடியும் கூர்மையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. முயலைத் துரத்திப் பிடித்து அதைத் தின்னாமல் எசமானுக்காக விட்டு நிற்கும் நாயைத்தான் நம் முன்னோர்கள் நல்ல நாய் என்று பாராட்டிக் குட்டி எடுத்தார்கள்.

கண்ணிலும் வேறுபாடு உண்டு. சிட்னிப் பல்கலைக்கழகத்தின் பால் மெக்ரீவியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, நாயின் மூக்கு நீளத்துக்கும் விழித்திரை நரம்பணுக்கள் பரவியிருக்கும் விதத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. நீண்ட மூக்குள்ள நாய்களுக்கு அந்த அணுக்கள் விழித்திரையில் குறுக்கே ஒரு பட்டைபோல் செறிந்திருக்கின்றன. தரையை ஒட்டிப் பக்கவாட்டில் அசையும் எதையும் அவை சட்டென்று பிடித்துவிட அந்த அமைப்பு ஏற்றது. முற்றத்தின் ஓரத்தில் கோழி நடக்கும் வரை ஒன்றும் ஆவதில்லை. அது எதற்கோ மிரண்டு சிறகடித்து ஓடும்போதுதான் நாயின் உடம்பு அதன் அறிவுக்கு முன்னால் கிளம்பிவிடுகிறது.

இதில் கோழியின் பங்கும் இருக்கிறது. வீட்டுக் கோழி காட்டுக்கோழியின் வாரிசு. ஆபத்து வந்தால் கத்திக்கொண்டு வெடித்துப் பறப்பது அதன் பழைய தற்காப்பு. பிடிபட்டுவிட்டால் இன்னொரு தற்காப்பு உண்டு. செத்ததுபோல் அசையாமல் கிடக்கும்; பிடி தளர்ந்தால் எழுந்து ஓடும். காட்டில் இது பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கலாம். முற்றத்தில் இதன் விளைவு வேறு. ஓடும் கோழி நாயை இழுக்கிறது. கவ்வியதும் அது அசைவற்றுப் போகிறது. அசைவு நின்றதும் நாயின் கவனம் அடுத்து ஓடும் கோழிக்குப் போகிறது. ஒரு நாய் ஐந்தாறு கோழிகளைக் கொன்று ஒன்றையும் தின்னாமல் விட்டுப் போவது இதனால்தான்.

இதைப் பார்க்கிறவர்கள் நாய்க்கு வன்மம் பிடித்துவிட்டது என்கிறார்கள். விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972-இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல மறுமொழி. இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் இருட்டு மிகுந்த இரவுகளில் நரிகள் புகுந்து தரையில் அடைந்திருந்த கடற்காகங்களை ஏராளமாகக் கொன்று, மிகச் சிலவற்றையே தின்றதை அவர் பதிவு செய்தார். இரை தப்பிப் போக முடியாத இடத்தில் கொல்லும் தூண்டுதல் பசியோடு சேர்ந்து அடங்குவதில்லை என்பது அவர் கண்டது. நான்கு பக்கமும் அடைத்த கூட்டுக்குள் நாய் நுழைந்துவிட்டாலும் நடப்பது அதுவே. பசி தீர்ந்திருந்தால் கடிக்காது என்று நாய்க்கு இரண்டு வேளைச் சோற்றை மூன்று வேளையாக்கிப் பார்ப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான். ‘ரத்த ருசி கண்டுவிட்டது’ என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை. ஒருமுறை துரத்திப் பிடித்த நாய் மறுமுறையும் துரத்தும். ஆனால் அதற்கு ருசியாக இருந்தது ரத்தம் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஓட்டமே அதற்குப் பரிசு.

இப்போது எதிர்ப்பக்கம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வார்னம்பூல் என்ற கடற்கரை ஊர். அதன் கரையை ஒட்டி மிடில் ஐலண்ட் என்ற சின்னத் தீவு. கடல் வற்றும் நேரத்தில் நடந்தே கடக்கக்கூடிய அளவுக்குத்தான் இடைவெளி. அந்தத் தீவில் கூடு வைத்திருந்த சிறு பென்குயின்கள் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. தண்ணீர் வற்றியபோது கடந்து வந்த நரிகளால் 2005-இல் பத்துக்கும் கீழே போய்விட்டன. அந்த ஊர்க் கோழிப் பண்ணைக்காரர் ஆலன் மார்ஷ் தன் கோழிகளை நரியிடமிருந்து காக்க மரம்மா நாய்களை வைத்திருந்தார். கோழியைக் காக்கும் நாய் பென்குயினைக் காக்காதா என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. 2006-இல் ஆட்பால் என்ற நாயைத் தீவுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பின் மற்ற மரம்மாக்கள் அந்தப் பணிக்கு வந்தன. பென்குயின்கள் மெல்ல மெல்ல மீண்டும் பெருகி நூறைத் தாண்டின. 2015-இல் அந்த நாயின் பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் மரம்மா தேவதை போலவும் கன்னி அரக்கி போலவும் தோன்றும். மந்தைக் காவல் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். மரம்மா குட்டியை ஏழெட்டு வாரத்திலேயே கோழிக்கோ ஆட்டுக்கோ அருகில் அடைத்து வளர்க்கிறார்கள். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி யாரைத் தன் கூட்டமாக ஏற்கிறது என்பது பதியும் என்றார்கள். அந்த நாட்களில் கோழியின் வாடையும் சத்தமும் குட்டிக்கு வீட்டுச் சூழலின் பகுதி ஆகிவிடுகின்றன. அப்படி வளர்ந்த மரம்மாவும் ஆறாம் மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை கோழியைத் துரத்தி விளையாடும்; இறகைப் பிடுங்கும்; விளையாட்டிலேயே கொன்றும் விடும். அந்த வயதில் அதைத் தனியாகக் கோழிகளோடு விடக் கூடாது என்பது வளர்ப்பவர்களின் கண்டிப்பான விதி. இரண்டு வயது தாண்டிய பிறகுதான் முழு நம்பிக்கை வைக்கிறார்கள். ஆடு நாயோடு ஒட்டிப் படுக்கும், அதை நக்கும். கோழி அப்படி உறவாடுவதில்லை. அதனால் கோழிக்காவல் பழக்குவது ஆட்டுக்காவலைவிடப் பொறுமை கேட்கும் வேலை.

ஆக, காவல் நாய் பிறவியிலேயே கோழிக்குத் தோழன் என்பது தவறு. பிறவியில் அதற்குக் கிடைத்தது மங்கலான வேட்டைத் தூண்டுதல். மற்றதெல்லாம் இரண்டு வருட மேற்பார்வை. நம் வீட்டு நாய்க்கு அந்த இரண்டு வருடத்தில் ஒரு மாதமாவது கொடுத்தோமா என்பதுதான் என் கேள்வி. குட்டியைக் கொண்டு வருகிறோம், அவிழ்த்து விடுகிறோம், முதல் கோழி சாகும் வரை ஒன்றும் சொல்லிக் கொடுப்பதில்லை.

நம் ஊர்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. பெயரில்லாத நாட்டு நாய்கள் எத்தனையோ கோழிகள் மேயும் தெருவில் நாள் முழுக்கப் படுத்துக் கிடக்கின்றன. குஞ்சு அவற்றின் வாலை மிதித்துக்கொண்டு போகிறது. அந்த நாய்கள் கோழிகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவை. கோழி பிடித்த நாயை எந்தத் தலைமுறையிலும் ஊர் வைத்துக்கொள்ளவில்லை என்பதும் சேர்ந்து அவற்றை அப்படி ஆக்கியிருக்கிறது. இன்னொரு காட்சியையும் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். தன் வீட்டுக் கோழியைத் தொடாத நாய் அடுத்த தெருக் கோழியைக் கடிக்கிறது. நாய் கற்றுக்கொள்வது ‘கோழி’ என்ற பொதுப்பெயரை இல்லை. இந்த இந்தக் கோழிகள், இந்த முற்றம் என்று தனித்தனியாகத்தான் அது ஏற்கிறது. மரம்மாவும் அப்படியே, தன் எல்லைக்குள் இருப்பதைத்தான் அது காக்கிறது.

வேட்டை நாயின் வாழ்க்கையில் நேர்ந்த ஒரு மாற்றத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் வேட்டை குற்றம். அந்தச் சட்டம் தேவையானது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வேலை போனபோது உடம்பில் ஊறிய வேகம் போகவில்லை. காட்டில் ஓடிக் களைத்து வந்து திண்ணையில் சுருண்ட நாய் இன்று நாலு முழச் சங்கிலியில் நிற்கிறது. தப்பித் தவறி அவிழ்ந்த அன்றைக்கு அதன் கண்ணில் முதலில் படுவது ஓடும் கோழி. மரம்மாவுக்கு இன்னும் வேலை இருக்கிறது. இந்த வேறுபாட்டை நான் மரபைவிடப் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

அடித்துத் திருத்துவதைப் பற்றி. கடித்த நாயைச் செத்த கோழியால் மூக்கில் அடிப்பது, கோழியைக் கழுத்தில் கட்டி அது அழுகும் வரை விடுவது ஆகிய வழக்கங்கள் பல நாடுகளில் இருந்திருக்கின்றன. நாய் ஒரு செயலையும் அதன் விளைவையும் சில நொடிகளுக்குள் நடந்தால்தான் இணைத்துக்கொள்ளும். மாலையில் வீடு திரும்பிய எசமான் காலையில் செத்த கோழிக்காக அடிக்கும்போது நாய் கற்றுக்கொள்வது எசமான் வரும்போது ஒளிய வேண்டும் என்பதை. “செஞ்சது தப்புன்னு அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாருங்க” என்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். காதைத் தாழ்த்திக் கண்ணைத் திருப்பும் அந்தக் குற்ற முகம், நாய் தப்புச் செய்திருந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. எசமான் திட்டியதைப் பொறுத்து வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாயும் அதே முகத்தைக் காட்டியது. அந்த முகத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்து அடிப்பது அநியாயம், பயனும் இல்லை.

சங்கிலியும் தீர்வாகாது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்கை நியாயமற்ற நேரம் குட்டையான சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டி வைக்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதையும் வதை என்றே சொல்கிறது. கோபத்தில் விஷம் வைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விலங்கைக் கொல்வதும் முடமாக்குவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விஷம் கலந்த கறித்துண்டு எந்த வீட்டு நாய்க்கு என்று பார்த்துப் போவதும் இல்லை.

அப்படியானால் வேட்டைத் தூண்டுதல் முழுதாக உள்ள, வளர்ந்துவிட்ட நாயை வைத்திருக்கும் வீடு என்ன செய்யும்? என் முடிவு தெளிவானது. அந்த நாயை மரம்மா ஆக்க முயல வேண்டாம். அதற்கும் கோழிக்கும் நடுவே கம்பியையும் நேரத்தையும் வைக்க வேண்டும்.

கம்பி என்றால் கடையில் கோழிவலை என்று கிடைக்கும் அறுகோணக் கண் மெல்லிய வலை போதாது. அது கோழியை உள்ளே வைக்கும். நாயை வெளியே வைக்காது. பற்றவைத்த கம்பிவலை வேண்டும். உயரம் ஆறடிக்குக் குறைந்தால் கன்னி தாண்டிவிடும். பெரும்பாலான நாய்கள் மேலே போவதைவிடக் கீழேதான் போகும்; வேலியின் அடியை ஒட்டி நின்று தோண்டும். அதனால் ஒன்றரை அடி அகல வலையை வேலியின் அடியிலிருந்து வெளிப்பக்கமாகத் தரையில் விரித்து மண் மூடிவிட வேண்டும். தோண்டத் தொடங்கும் இடத்தில் கால் கம்பியில் படும்போது நாய் கைவிட்டுவிடும். கோழி வேலியைத் தாண்டிப் பறந்து நாய் இருக்கும் பக்கம் இறங்குவதைத் தடுக்க ஒரு பக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்தால் போதும். கோழிக்கு வலிக்காது, பறப்பு மட்டும் கோணலாகிவிடும். பஞ்சாரத்தைக் கவிழ்த்துக் குஞ்சுகளை அடைக்கும் வீட்டில் மேலே கனமான கல் வைக்காமல் நாயை அவிழ்க்கக் கூடாது.

நேரம் என்றால் முற்றத்தைப் பங்கு போடுவது. விடிகாலையில் நாயைக் கயிற்றில் பிடித்து நன்றாக ஓட்டிக் களைக்க வைத்த பிறகு கட்டி, அதன் பின் கோழியைத் திறப்பது. பொழுது சாய்ந்து கோழி அடைந்த பின் கூட்டை எண்ணிப் பூட்டி, நாயை அவிழ்ப்பது. முருங்கை மரத்திலும் வேம்பிலும் அடையும் கோழிகளைக் கூட்டுக்குப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஆகும்; அந்தச் சிரமத்தை ஒருமுறை பட்டால் கீரியிடமிருந்தும் காட்டுப்பூனையிடமிருந்தும் சேர்த்தே பாதுகாப்பு. இடையில் நீளக் கயிற்றில் நாயைக் கட்டிக் கோழி தெரியும் தூரத்தில் உட்கார வைத்து, கோழியைப் பார்த்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுக் கறியோ முட்டையோ கொடுத்துப் பழக்கலாம். நாளடைவில் தூரத்தைக் குறைக்கலாம். கூப்பிட்டால் துரத்தலை விட்டுத் திரும்பி வரும் நாய் உருவாகும். ஆனாலும் யாரும் பார்க்காத முற்றத்தில் அதைக் கோழியோடு தனியே விடும் நாள் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். மரம்மாவையே இரண்டு வயது வரை முழுதாக நம்பாதவர்கள் இருக்கும்போது கன்னியிடம் அதை எதிர்பார்ப்பது நாய்க்குச் செய்யும் துரோகம்.

கடிபட்ட கோழி உயிரோடு இருந்தால் இறகை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். மேலே சிறு துளை தெரியும். உள்ளே தோல் கிழிந்து தனியே வந்திருக்கும். உப்புத் தண்ணீரில் கழுவி, இருட்டான அட்டைப் பெட்டியில் சூடாக வைத்து, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு போவது நல்லது. நாயின் வாயிலிருக்கும் கிருமிகளாலும் அதிர்ச்சியாலும் மறுநாள் சாகும் கோழிகள் நிறைய. அடுத்த வீட்டுக் கோழியாக இருந்தால் அவர் வந்து கேட்கும் முன்னால் நாமே போய் விலையைக் கொடுக்க வேண்டும். அதுவும் கறி விலையாக இருக்கக் கூடாது. முட்டையிடும் கோழிக்கு அவர் சொல்லும் விலை.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் நாயைக் கோழி இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதைத் தோல்வியாக நான் பார்க்கவில்லை. இந்த இடத்தில் ஒப்பீடு தலைகீழாகிறது. கோழியைப் பொருட்படுத்தாத மரம்மாவை ஊருக்குள் ஒரு சின்ன வீட்டில் வைத்துப் பாருங்கள். இரவெல்லாம் ஒவ்வொரு நடமாட்டத்துக்கும் குரைக்கும். அதன் காவல் முறையே அதுதான். எல்லையை விரித்துக்கொண்டே போகும், புதியவரை உள்ளே விடாது, சித்திரை வெயிலில் அந்த முடியோடு தவிக்கும். அக்கம்பக்கத்துப் புகார் ஒரே வாரத்தில் வந்துவிடும். கன்னியோ காலையும் மாலையும் நன்றாக ஓட்டம் கிடைத்தால் மற்ற நேரமெல்லாம் ஒரு மூலையில் சுருண்டு தூங்கும். குரைப்பு குறைவு, முடி குறைவு, தீனியும் அதிகம் கேட்காது, இந்த வெயில் அதற்குப் பழக்கம். தன் வீட்டாரிடம் அது காட்டும் ஒட்டுதலை நேரில் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அப்படி ஒரு வீட்டைத் தேடும்போது, வாங்குபவரிடம் இந்த நாய் கோழி பிடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டில் கோழி இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டே கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும்.